இத்துனூண்டு மஞ்சள்

போட்டாச்சு மேடம்

தண்ணீர் லேபில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மேடம், எந்த டெஸ்ட் ரொம்பக் கஷ்டம்?" என்பதுதான். டெஸ்ட் ஒன்றும் கஷ்டமில்லை. கையும் கண்ணும் பழகினால் போதும். ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் போய் நின்று வாயைத் திறக்க வேண்டும் பாருங்கள், அதுதான் கஷ்டம். அப்படி ஒரு வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். திண்டிவனத்துக்கும் பெருமுக்கலுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்கு வந்தது தொண்ணூற்று மூன்றில், விழுப்புரம் தனி ஜில்லா ஆன புதிது. கண்டமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் எல்லாரும் கான்வென்ட்டில் டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னார்கள். "எனக்கு இருக்கிற கோபத்துக்கு ஊரான் பிள்ளைகளை அடிச்சே கொன்னுடுவேன், வேணாம்" என்று சொல்லிவிட்டு லேபுக்கு வந்தேன். லேப் என்றால் ஏதோ என்று நினைக்காதீர்கள். ஒரு பெஞ்சு, ஒரு பீரோ, பேப்பர் சுற்றிய கண்ணாடிச் சாமான் கொஞ்சம். அந்தப் பேப்பரைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை, எங்கள் ஜூனியர் இன்ஜினியர், அதாவது ஜே.இ., வந்து நின்றார்.

"ஸ்டெல்லா, ஒரு ஊர்ல வாந்திபேதி. ஜீப் நிக்குது. ஜல்தி கிளம்பும்மா."

அந்த ஊருக்கு ஏரித் தண்ணீர்தான். ஏரியிலிருந்து இழுத்து, மணல் வடிகட்டியில் விட்டு, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, தெருக்குழாயில் விடுவார்கள். அங்கே ஆபரேட்டர் கோவிந்தசாமி. என்னைவிடப் பெரியவர், அதனால் அவர் எனக்கு அண்ணா. காக்கிச் சட்டை முழுக்க வெள்ளைப் பொடி.

"தண்ணியில மருந்து போட்டீங்களாண்ணா?"

"போட்டாச்சு மேடம். நேத்தும் போட்டேன், இன்னிக்கு காத்தாலயும் போட்டேன்."

எங்கள் பக்கம் பிளீச்சிங் பவுடருக்கு மருந்து என்றுதான் பெயர். அதிகாரியும் அப்படித்தான் சொல்வார், குடம் பிடிக்க வருகிற பெண்ணும் அப்படித்தான் சொல்வாள். நான் குழாய் போய் முடிகிற கடைசித் தெருவுக்குப் போய்க் குழாயைத் திறந்து, டெஸ்ட் டியூபில் பிடித்து, சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். அது பாட்டுக்கு நிறமே மாறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. மறுபடி பிடித்தேன், மறுபடி விட்டேன். ஊஹும்.

திரும்பி வந்து ஸ்டோரைத் திறக்கச் சொன்னேன். கூரை ஒழுகி, சுவரெல்லாம் ஈரம். மூட்டைகள் வாய் பிரிந்து கிடந்தன. ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். பிளீச்சிங் என்றால் கண்ணில் நீர் வர வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை.

"அண்ணா, இது மருந்து இல்ல. வெறும் சுண்ணாம்பு. சத்தெல்லாம் காத்தோட போயிடுச்சு."

அந்த மனுஷர் மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். போடச் சொன்னார்கள், போட்டார். பழைய சரக்கை அனுப்பியவர்களும் இருந்தார்கள், ஸ்டோருக்கு ஓடு மாற்றாதவர்களும் இருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே நின்றது அவர் ஒருத்தர்தான்.

அன்று சாயங்காலம் கடைசித் தெருவில் பச்சையம்மாவின் பையன் ஏழுமலை இறந்துபோனான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றும்போதே உடம்பில் ஈரம் இல்லையாம். நாங்கள் போனபோது பச்சையம்மா அழவில்லை. கோவிந்தசாமியைப் பார்த்து, "தண்ணியில மருந்து வாசனையே வர்லண்ணா. நான் அப்பவே நெனச்சேன், வாசனையே வர்லியேன்னு" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கொடுத்த வாக்கு

புது மூட்டைகள் வந்தன. ஸ்டோருக்கு ஓடு மாற்றினார்கள். எல்லாம் பிள்ளை போன பிறகு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஜே.இ.யிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் கோவிந்தசாமி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார்: "இனிமே உன் தெருவுல மருந்து வாசனை இல்லாம தண்ணி வராதும்மா. வந்துச்சுன்னா என்னைச் செருப்பால அடி."

சொன்னதைக் காப்பாற்றினார். அதுதான் பிற்பாடு வந்த வினைக்கெல்லாம் ஆரம்பம். ஏரித் தண்ணீர் உள்ளே வருகிற இடத்திலேயே பக்கெட் பக்கெட்டாகக் கரைத்துக் கொட்டுவார். பச்சையம்மா தினமும் குழாயடியில் முதல் குடத்தை மோந்து பார்ப்பாள். வாசனை குறைந்தால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பம்ப் ஹவுஸுக்கு வந்துவிடுவாள்.

"அண்ணா, இன்னிக்கு வாசனை கம்மியா இருக்குது."

"இதோ போட்டுடறேன்மா, நீ போ."

அப்புறம் ஊரே அப்படிப் பழகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாலும் குடிப்பார்கள், வாசனை இல்லாவிட்டால் குடிக்கமாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திக்காரர்கள், "என்னாங்க உங்க ஊரு தண்ணி இப்படி நாறுது?" என்று கேட்டால், "அதாங்க மருந்து" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான்கூட அந்த ஊரைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். எப்போது டியூபில் பிடித்தாலும் மஞ்சள் பளிச்சென்று இருக்கும். வாந்திபேதி என்று ஒரு கேஸ் வரவில்லை. பச்சையம்மாவுக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் பிறந்தாள், சுமதி.

ஏரியைக் கழுவினோம்

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சென்னையில் ஒரு டிரெயினிங் போட்டார்கள். அங்கேதான் டி.எச்.எம். பற்றி விளக்கமாகச் சொன்னார்கள். டிரைஹாலோமீத்தேன். வாயில் நுழையாத பெயர், ஆனால் விஷயம் சுலபம். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போய் அடிக்காது. தண்ணீரில் இலை ஊறிய சாறு, பாசி, அழுகல் எது இருந்தாலும் அதோடும் சேரும். சேர்ந்து புதிதாகச் சில பொருள்களை உண்டாக்கும். அதைப் பல வருஷம் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்புக்குக் கெடுதல் என்று பயப்படுகிறார்கள். தண்ணீரில் அழுக்கு எவ்வளவோ, போடுகிற குளோரின் எவ்வளவோ, அவ்வளவுக்கு அது ஏறும்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஏரிதான் கண்ணில் நின்றது. கரையெல்லாம் மரம், தண்ணீரெல்லாம் பாசி, ஓரம் முழுக்க நெய்வேலி காட்டாமணக்கு. அதன் தலையிலேயே கோவிந்தசாமி பக்கெட்டைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் லேபில் அந்த டெஸ்ட் செய்ய மெஷின் கிடையாது. கறுப்புக் குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பிடித்து, ஐஸில் வைத்து, சென்னைக்கு அனுப்பினேன். ரிசல்ட் வந்தது. அளவுக்கு மேல்தான். நிறையவே மேல்.

பம்ப் ஹவுஸில் போய் உட்கார்ந்து கோவிந்தசாமியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க சொல்ற இது யாரை மேடம் கொன்னுச்சு? ஒரு ஆளைக் காட்டுங்க."

"அப்படிக் காட்ட முடியாதுண்ணா. பல வருஷம் குடிச்சா கெடுதல் வரலாம்னு சொல்றாங்க."

"வரலாம்! மருந்து இல்லாம போனா வரலாம் இல்ல மேடம், வந்துடும். நான் பார்த்தேன். நீங்களும்தான் பார்த்தீங்க."

அந்த மனுஷர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இதைப் படிக்கிற நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டி.எச்.எம்.முக்குப் பயந்து எவனாவது குளோரினை நிறுத்தினால் அவனைவிடப் பெரிய பாவி கிடையாது.

"நிறுத்தச் சொல்லலண்ணா. எச்சில் பாத்திரத்தை வழிச்சுக் கொட்டாம அப்படியே சோப்பு போட்டுத் தேய்ச்சா, எவ்ளோ சோப்புதான் பத்தும்? முதல்ல அழுக்கை எடுப்போம். அப்புறம் மருந்து போடுவோம்."

"கடைசித் தெருவுக்கு மருந்து போய்ச் சேரணும். அது மட்டும் சேரலைன்னா நான் உங்க பேச்சைக் கேக்க மாட்டேன்" என்றார். சேரும் என்று நான் சொன்னேன்.

வேலை பேஜாரான வேலை. தண்ணீர் எடுக்கிற இடத்தைச் சுற்றிக் காட்டாமணக்கை வெட்டி இழுத்துப் போட்டோம். படிகாரம் எவ்வளவு போட்டால் தண்ணீர் நன்றாகத் தெளிகிறது என்று ஜாடியில் கலக்கிக் கலக்கிப் பார்த்தோம். வடிகட்டி மணலை அள்ளிக் கழுவினோம். மேல்நிலைத் தொட்டியில் ஆளை இறக்கி அடி வண்டலைத் தேய்த்து எடுத்தோம். கடைசித் தெருக் குழாயின் முட்டு முனையில் வால்வைத் திறந்துவிட்டால் டீ டிகாக்ஷன் மாதிரி வந்தது, தெளிகிற வரைக்கும் ஓடவிட்டோம். எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து போடுகிற இடத்தை மாற்றினோம். ஏரித் தண்ணீர் நுழைகிற இடத்தில் வேண்டாம், வடிகட்டியைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில்.

முன்னே போட்டதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. அப்படியும் கடைசித் தெருக் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டால் மஞ்சள் வந்தது. பளிச்சென்று இல்லை, வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி லேசாக. அந்த அளவுதான் வேண்டும். சென்னைக்கு மறுபடி குப்பி அனுப்பினோம். டி.எச்.எம். அளவுக்குள் வந்துவிட்டது. ஜே.இ. எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். கோவிந்தசாமி மட்டும் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணா, சாப்பிடுங்க."

"வாசனை போயிடுச்சே மேடம்" என்றார்.

பானை

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் ரொட்டீன் செக்கப்புக்குப் போனேன். கோவிந்தசாமியும் கூட வந்தார். கடைசித் தெருக் குழாயில் மஞ்சள் சரியாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பச்சையம்மா வீட்டு வாசலில் நின்று, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றேன்.

சொம்பை வாயருகே கொண்டுபோனதும் கண் எரிந்தது. வெட்டிவேர் வாசனை ஒரு பக்கம், பிளீச்சிங் நெடி ஒரு பக்கம். நான் குடிக்கவில்லை. டியூபில் ஊற்றிச் சொட்டு விட்டேன். மஞ்சளாவது ஒன்றாவது, செங்கல் கரைத்தாற்போல் சிவந்துபோயிற்று.

"ஏம்மா, இது குழாய்த் தண்ணிதானா?"

"ஆமாம்மா. நான்தான் கொஞ்சம் மருந்து போட்டுக்கினேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். மண்பானை, அதற்குள் கட்டுக் கட்டாக வெட்டிவேர். பக்கத்தில் பழைய பால்பவுடர் டப்பாவில் பிளீச்சிங்.

"வெட்டிவேர் எதுக்கு?"

"பாப்பா நாத்தம்னு சொல்லிக் குடிக்க மாட்டேங்குது. அதான் வாசனைக்குப் போட்டேன். தினமும் இதைத்தான் ஸ்கூலுக்குக் குடுத்தனுப்பறேன்."

ஆண்டவரே! ஏரியில் இலையையும் பாசியையும் எடுக்க நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம். இங்கே ஒரு பானைக்குள் வேரையும் போட்டு மருந்தையும் கொட்டி, அந்த ஏரியையே திரும்ப உண்டாக்கி வைத்திருக்கிறாள். அதைத் தினமும் குடிப்பது அவளுக்கு மிஞ்சி இருக்கிற ஒரே பிள்ளை.

"இந்த டப்பா உனக்கு எங்கேருந்து வந்தது?"

என் பின்னாலிருந்து, "நான்தான் மேடம் குடுத்தேன்" என்று கோவிந்தசாமி சொன்னார். "வாசனை வர்லன்னு தினமும் வந்து நின்னுச்சு. நான் வாக்கு குடுத்திருக்கேன் இல்ல."

எனக்கு வந்ததே கோபம். இரண்டு பேரையும் பார்த்து, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "மருந்து மருந்துன்னு சொல்லிச் சொல்லியே இதைக் குடிக்கிற மருந்தா ஆக்கிட்டீங்க! இது அளவு மீறினா விஷம்! தெரியுமா தெரியாதா?" அன்றைக்குக் கத்தினதற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

பச்சையம்மாவும் சும்மா இருக்கவில்லை. "நீங்க பேசுவீங்கம்மா! வாசனை இல்லாத தண்ணியைக் குடுத்துதான் என் புள்ளைய வாரிக்கினு போனீங்க. அன்னிக்கும் போட்டாச்சு போட்டாச்சுன்னுதான் சொன்னீங்க. இன்னிக்கும் அதையேதான் சொல்றீங்க. நான் எதைப் பார்த்து நம்புறது?"

அந்தக் கேள்விதான் என் கோபத்தை இறக்கியது. நியாயமான கேள்வி. எத்தனையோ தடவை அந்தத் தெருக் குழாயில் மஞ்சள் பார்த்திருக்கிறோம், பச்சையம்மாவைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"வா, காட்டறேன்" என்று குழாயடிக்குக் கூட்டிப் போனேன். புது டியூபை அவள் கையிலேயே கொடுத்தேன். அவளே பிடித்தாள். சோதனைத் திரவத்தையும் அவளையே சொட்டு விடச் சொன்னேன். மெல்ல மெல்லத் தண்ணீர் மஞ்சளாயிற்று, லேசாக.

"பார்த்தியா? இந்த மஞ்சள் தெரிஞ்சா தண்ணியில மருந்து இருக்குன்னு அர்த்தம். வாசனை வரணும்னு இல்ல."

அவள் டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முதலில் அவளுக்கு மஞ்சளே தெரியவில்லை. என் வெள்ளைக் கைக்குட்டையைப் பின்னால் பிடித்தேன். அப்புறம் தெரிந்தது.

"இது போதுமாம்மா?"

"போதும்."

"வாந்திபேதி வராதா?"

"கடைசிக் குழாய் வரைக்கும் இவ்ளோ இருந்தா, அந்தக் கிருமி தண்ணியில தங்காது."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

அவள் டியூபைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவள் உதடு கோணிக்கொண்டு போனது.

"இத்துனூண்டா? இத்துனூண்டு மஞ்சளாம்மா? நான் என்னமோ மூட்டை மூட்டையா வேணும்னு நெனச்சிக்கினு இருந்தேனே. இத்துனூண்டு இருந்திருந்தா என் ஏழுமலை இருந்திருப்பானா? இதுகூடவாம்மா அன்னிக்கு எம்புள்ளைக்கு இல்லாம போச்சு?"

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏழுமலை போன அன்றைக்கு வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. கோவிந்தசாமி குழாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, யம்மா" என்று மட்டும் சொன்னார். நான் எத்தனையோ ரிசல்ட் கொடுத்தவள். ஆமாம் என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

ஒரு வழியாக எழுந்தாள். யாரும் சொல்லாமலே உள்ளே போய்ப் பானையைத் தூக்கி வந்து சாக்கடையில் கவிழ்த்தாள். வெட்டிவேரை எடுத்து எறிந்தாள். பானையைக் கழுவி, குழாயில் பிடித்து, சுமதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் கொடுத்தாள். அது ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ஐ, நாத்தமே இல்லம்மா, நல்லாருக்குது! இன்னும் கொஞ்சம் குடு" என்றது. பச்சையம்மா மொண்டு கொடுத்தாள். கோவிந்தசாமி டப்பாவைத் தோள் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக

இப்போது கோவிந்தசாமியண்ணன் ரிட்டயராகி அனந்தபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நானும் ரிட்டயராகிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். குளோரினை நிறுத்தாதீர்கள், அழுக்கை முதலில் எடுங்கள். மூட்டையைத் திறந்ததும் மோந்து பாருங்கள். "மருந்து போட்டாச்சு" என்று யாராவது சொன்னால் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கடைசித் தெருக் குழாய்க்குப் போங்கள். டியூபில் பார்த்ததை அந்தத் தெருக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

நான் ரிட்டயராவதற்கு முன்னால், தெருவுக்கு ஒரு பெண்ணிடம் டெஸ்ட் கிட் கொடுத்துத் தண்ணீர் பார்க்கச் சொல்கிற ஏற்பாடு வந்தது. கடைசித் தெருவுக்கு யார் என்று கேட்டபோது நான் யோசிக்காமல் பச்சையம்மா பெயரைச் சொன்னேன். கிட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்து டியூபைப் பார்த்தாள். மூடி, என் பக்கம் தள்ளினாள்.

"வேற யாருக்காவது குடுங்கம்மா. கோச்சிக்காதீங்க. தண்ணியை நம்புறேன், தினமும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனா அந்த மஞ்சளை என்னைப் பார்க்கச் சொல்லாதீங்க. தினமும் பார்த்தா, தினமும் இத்துனூண்டுன்னு தோணும்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.